ஆல்ப்ஸ் மலையில் மர்மோட் பார்ப்பது எப்படி?



ஜூன் விடுமுறைக்கு ஐரோப்பா போய்விட்டு வரும் மாணவர் ஒருவராவது ஒவ்வோர் ஆண்டும் நம் வகுப்பில் இருப்பார். அப்படிப் போய்வந்த உயர்நிலை மூன்று மாணவி ஒருவர் கைப்பேசியை நீட்டி, “டீச்சர், மலைமேல ஒரு குண்டு அணில் மாதிரி ஒண்ணு நின்னுக்கிட்டே விசில் அடிச்சுச்சு. இதுக்குத் தமிழ்ல என்ன பேரு?” என்று கேட்டார். படத்தில் புல்வெளி இருந்தது, பாறை இருந்தது, ஓரத்தில் பழுப்பாக ஒரு புள்ளி இருந்தது. அந்தப் புள்ளிதான் மர்மோட்.

அந்தப் புள்ளியை எங்கே, எப்போது, எப்படிப் பார்ப்பது, பார்த்தபின் எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதை இங்கே விளக்குகிறேன். நான்கில் கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலான பயண வழிகாட்டிகள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

பெயர் பற்றி முதலில்

தமிழ் வழங்கும் நிலங்களில் மர்மோட் இல்லை. ஆகவே பழந்தமிழ்ப் பெயர் எதையும் தேடி அலைய வேண்டாம். ‘மலை அணில்’ என்று எழுதலாமே என்று சிலருக்குத் தோன்றும். அந்தப் பெயருக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மரத்துக்கு மரம் தாவும் பெரிய அணிலைத்தான் தமிழில் மலை அணில் என்கிறோம். அது மரத்தைவிட்டு இறங்குவதே அபூர்வம். ஆல்ப்ஸ் மர்மோட்டோ மரமே வளராத உயரத்தில், மண்ணைத் தோண்டி உள்ளே வாழ்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிப்பவர் மனத்தில் தவறான படம்தான் வரும்.

கட்டுரையில் ‘மர்மோட்’ என்றே ஒலிபெயர்த்து எழுதுங்கள். முதல் தடவை எழுதும்போது மட்டும் ‘அணில் குடும்பத்தைச் சேர்ந்த, வளை தோண்டி வாழும் கொறிணி’ என்று ஒரு விளக்கத் தொடரைச் சேர்த்துவிட்டால் போதும். கொறித்துத் தின்னும் விலங்குகளுக்குக் கொறிணி என்பது நல்ல சொல். எலி, அணில், முள்ளம்பன்றி எல்லாம் அதில் அடங்கும்.

ஜெர்மன் மொழியில் இதை ‘முர்மெல்டியர்’ என்கிறார்கள். அந்த மொழியில் ‘முர்மெல்ன்’ என்றால் முணுமுணுத்தல், ‘டியர்’ என்றால் விலங்கு. அப்போ முணுமுணுக்கும் விலங்கா? இல்லை. மூலம் லத்தீன்; அங்கே ‘மலை எலி’ என்று பொருள்படும் சொல் வாய்க்கு வாய் மாறி, கடைசியில் தெரிந்த இன்னொரு சொல்லின் உருவத்தில் போய் ஒட்டிக்கொண்டது. சொல் வரலாறு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு இது கைகொடுக்கும் எடுத்துக்காட்டு. ஒலி ஒத்திருப்பதாலேயே பொருளும் ஒத்திருக்கும் என்று முடிவு கட்டக்கூடாது.

ஆள் எப்படி இருக்கும்?

உலகில் 15 மர்மோட் இனங்கள் உள்ளன. அமெரிக்காவில் பிப்ரவரி 2ஆம் தேதி வசந்தம் எப்போது வரும் என்று ‘சொல்வதாக’ வேடிக்கை காட்டப்படும் கிரவுண்ட்ஹாக் அவற்றில் ஒன்று. லடாக்கில் இமயமலை மர்மோட் உண்டு. கனடாவின் விஸ்லர் மலைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்குள்ள ஒரு மர்மோட் இனம் எழுப்பும் சீழ்க்கை ஒலியால்தான். நாம் பேசப்போவது ஆல்ப்ஸ் மர்மோட்டைப் பற்றி மட்டும்.

உடல் நீளம் அரை மீட்டர் அல்லது சற்று அதிகம். குட்டைக் கால்கள், ரோமத்தில் பாதி மறைந்த சிறு காதுகள், நுனி கருத்த வால், ஆரஞ்சு நிற முன்பற்கள். வசந்தத்தில் வெளியே வரும்போது சுமார் 3 கிலோ எடை இருக்கும். இலையுதிர் காலத்தில் அதே விலங்கு 5, 6 கிலோவைத் தொட்டுவிடும். நடக்கும்போது வயிறு தரையைத் தடவும். ஆபத்து என்று சந்தேகப்பட்டால் பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்கைகளை மார்போடு தொங்கவிட்டு, பள்ளி அணிவகுப்பில் நிற்கும் பிள்ளை மாதிரி அசையாமல் நிற்கும்.

மனிதனுக்கும் அதற்கும் நெடுநாள் உறவு உண்டு. மலைவாசிகள் அதன் கொழுப்பை மூட்டுவலிக்குத் தைலமாகத் தேய்த்தார்கள். இன்றும் ஆஸ்திரியக் கடைகளில் அந்தத் தைலம் கிடைக்கும். பிரான்சின் சவோய் பகுதியிலிருந்து ஏழைச் சிறுவர்கள் பழக்கப்படுத்திய மர்மோட்டோடு ஊர் ஊராகப் போய், வேடிக்கை காட்டிக் காசு வாங்கினார்கள். அப்படி ஒரு சிறுவன் பாடுவதாகக் கதே எழுதிய வரிகளுக்குப் பேத்தோவன் இசையமைத்திருக்கிறார். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே உள்ள பிரனீஸ் மலையில் பனியூழியின் இறுதியில் இந்த இனம் அழிந்துபோனது. 1948 முதல் ஆல்ப்ஸிலிருந்து கொண்டுபோய் அங்கே மறுபடியும் விட்டார்கள்.

அரை ஆண்டு மண்ணுக்குள்

மர்மோட்டைப் புரிந்துகொள்ள அதன் குளிர்காலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் அதைப் பார்ப்பது கோடையில்தான். ஆனால் கோடையில் அது செய்கிற ஒவ்வொரு வேலையும் குளிர்காலத்துக்காகத்தான்.

அக்டோபர் வாக்கில் குடும்பம் முழுவதும் ஆழமான ஒரு வளைக்குள் போய்விடும். தாய், தந்தை, மூத்த பிள்ளைகள், அந்த ஆண்டுக் குட்டிகள் எல்லாம் ஒரே அறை. கோடையின் இறுதியில் வாயில் கவ்விக் கவ்விக் கொண்டுவந்த காய்ந்த புல்தான் மெத்தை. சுரங்கப் பாதையை உள்ளிருந்தபடியே மண், கல், புழுக்கை எல்லாவற்றையும் திணித்து அடைத்துவிடும். மறுபடி வெளிச்சம் பார்ப்பது ஏப்ரலில். ஆறு மாதம்! உயரமான இடங்களில் இன்னும் கொஞ்சம் கூட ஆகும்.

இந்த நேரத்தில் உணவு கிடையாது. கோடையில் சேர்த்த உடல்கொழுப்புதான் ஒரே கையிருப்பு. ஆகவே செலவைச் சுருக்கியாக வேண்டும். 38 பாகை அளவில் இருந்த உடல்வெப்பம் 10 பாகைக்கும் கீழே இறங்கும். சில நேரம் 5 பாகைக்கு அருகில்கூடப் போகும். நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் துடித்த இதயம் நாலைந்து தடவை மட்டும் துடிக்கும். மூச்சு, நிமிடத்துக்கு ஓரிரு தடவை. இதைத் ‘தூக்கம்’ என்று எழுதினால் போதாது. நம் தூக்கத்தில் உடல்வெப்பம் இப்படிச் சரிவதில்லை. ‘குளிர்கால உறக்கம்’ அல்லது ‘உறங்குநிலை’ என்று எழுதுங்கள். மதிப்பெண் கொடுப்பவருக்கும் உங்களுக்கு வேறுபாடு தெரியும் என்பது புரியும்.

பாடநூல்கள் அதிகம் சொல்லாத ஒன்று இருக்கிறது. இந்த உறக்கம் ஒரே நீட்டாக நடப்பதில்லை. ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு முறை உடல் மறுபடி சூடாகி, விலங்கு விழித்து, பிறகு மீண்டும் குளிரும். குளிர்காலம் முழுவதும் செலவாகும் கொழுப்பில் பெரும்பகுதி இந்தச் சில விழிப்புகளுக்கே போய்விடுகிறது. அதனால்தான் குடும்பமாக ஒட்டிப் படுப்பது முக்கியம். எல்லாரும் ஒரே நேரத்தில் சூடாகி, ஒரே நேரத்தில் குளிர்ந்தால் ஒருவர் வெப்பம் இன்னொருவருக்கு உதவும். வால்டர் ஆர்னால்ட் என்ற ஆய்வாளர் ஜெர்மனியின் பெர்ஷ்டெஸ்காடன் மலைப்பகுதியில் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். மூத்த அண்ணன் அக்காக்களோடு சேர்ந்து உறங்கிய குட்டிகள் குளிர்காலத்தைத் தாண்டிப் பிழைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருப்பதை அவர் காட்டினார். குட்டிகளின் உடல் சிறியது, கொழுப்பும் குறைவு. பெரியவை தங்கள் கொழுப்பை எரித்து அவற்றையும் சேர்த்துக் காய வைக்கின்றன.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்க. வெளியே இருக்கக் கிடைப்பது அரை ஆண்டு. அதில் முதல் சில வாரங்கள் இன்னும் பனி மூடியிருக்கும், புல் இருக்காது. மீதி நாள்களிலும் நாள் முழுக்க மேய முடியாது. அடர்ந்த ரோமத்தால் வெயில் ஏறினால் தாங்காது, நண்பகலில் வளைக்குள் ஒதுங்கிவிடும். ஆக, காலையில் சில மணி நேரம், பிற்பகல் சாய்ந்தபின் சில மணி நேரம். இந்த நேரத்துக்குள் எடையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்க வேண்டும். உங்கள் காலடிச் சத்தம் கேட்டு அது வளைக்குள் பாய்ந்தால், அந்த நேரத்திலிருந்துதான் நிமிடங்கள் கழிகின்றன.

நம் விடுமுறை, அதன் நாள்காட்டி

நம் பள்ளி நாள்காட்டி மர்மோட்டுக்கு அவ்வளவு ஒத்துவராது. நவம்பர், டிசம்பர் நீண்ட விடுமுறையில் போனால் அது மண்ணுக்குள் இருக்கும். ஒன்றையும் பார்க்க முடியாது. செப்டம்பரில் கிடைக்கும் ஒரு வாரத்தில் போக முடிந்தால் கொழுகொழு என்று உருண்டு திரியும் பெரிய மர்மோட்டுகளைப் பார்க்கலாம். ஆனால் ஒரு வாரத்துக்கு ஐரோப்பா போவது யாருக்குக் கட்டுப்படியாகும்?

ஜூன் மாதம் நல்லது. பெரியவை சுறுசுறுப்பாக மேயும், ஒன்றையொன்று மூக்கோடு மூக்கு வைத்து முகர்ந்து வாழ்த்திக்கொள்ளும், இளையவை நிமிர்ந்து நின்று மல்யுத்தம் செய்யும். ஒரே குறை, குட்டிகள். அவை மே இறுதி, ஜூன் மாதங்களில் வளைக்குள் பிறந்து, ஏறக்குறைய 40 நாள் கழித்து, ஜூலையில்தான் முதன்முதலாக வெளியே எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் நாம் இங்கே மூன்றாம் தவணைப் பாடத்தில் இருப்போம். ஆசிரியர் வேலையின் சின்னச் சின்ன சோகங்களில் இதுவும் ஒன்று.

சரிவைப் படிப்பது

ஆஸ்திரியாவில் குரோஸ்கிளாக்னர் மலைச்சாலை என்று ஒன்று உண்டு. 1935இல் திறக்கப்பட்டது, நீளம் 48 கிலோமீட்டர். குளிர்காலத்தில் பனியால் மூடியே இருக்கும். நாட்டின் மிக உயர்ந்த சிகரமான குரோஸ்கிளாக்னர் (3,798 மீட்டர்) எதிரே தெரிய, கீழே பாஸ்டர்சே பனியாறு கிடக்க, 2,369 மீட்டர் உயரத்தில் கைசர் ஃபிரான்ஸ் யோசப் பார்வைமேடை இருக்கிறது. நம் புக்கித் தீமா குன்று 163 மீட்டர்தான், அதனால் அங்கே இறங்கியதும் மூச்சு வாங்கினால் பயப்படாதீர்கள், மெதுவாக நடங்கள். முதன்முதலாக மர்மோட் பார்க்கப் போகிறவருக்கு நான் சொல்லும் இடம் இதுதான். வண்டியிலேயே உயரத்துக்குப் போய்விடலாம், அங்கிருந்து நடைபாதைகள் உண்டு, பக்கத்துப் புற்சரிவுகளில் மர்மோட்டுகள் வாழ்கின்றன. இத்தாலிப் பக்கம் போகிறவர்களுக்குக் கிரான் பாரதீசோ தேசியப் பூங்கா; 1856இல் அரச வேட்டைக் காடாக ஒதுக்கப்பட்டு, 1922இல் இத்தாலியின் முதல் தேசியப் பூங்காவானது.

புதியவர்கள் எல்லாரும் செய்வது, கண்ணால் முழு மலையையும் துழாவுவது. பழுப்பு விலங்கு பழுப்புப் பாறைமேல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அப்படித் துழாவி ஒன்றும் கிடைக்காது. விலங்கை விட்டுவிட்டு, அது விட்டுச்சென்ற வேலையைத் தேடுங்கள். மரங்கள் நின்றுபோன எல்லைக்கு மேலே, காலை வெயில் விழும் பக்கம், புல்லும் பெரிய பாறைகளும் கலந்து கிடக்கும் சரிவைத் தேர்ந்தெடுங்கள். வெறும் பாறைச்சரிவு வேண்டாம், அங்கே தின்ன ஒன்றும் இல்லை; வெறும் புல்லும் வேண்டாம், காவலுக்கு ஏறி உட்கார மேடை இல்லை. பச்சைக்கு நடுவே கைவிசிறி விரித்தது போல் வெறும் மண் கொட்டிக் கிடக்கிறதா? அதன் மேல்முனையில் வளையின் வாய் இருக்கும். தோண்டிய மண் சரிவில் கீழ்நோக்கி விழுவதால் அந்த விசிறி வடிவம்.

ஒரு வளை தெரிந்துவிட்டால் மற்றவை தானாகத் தெரியும். முதன்மை வளையைச் சுற்றி, ஆபத்தில் சட்டென்று நுழைய ஆங்காங்கே தப்பிக்கும் குழிகள் இருக்கும். அவற்றுக்கிடையே புல் நசுங்கி, ஒரு சாண் அகலத்தில் ஒற்றையடிப் பாதைகள் ஓடும். வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தால் அந்தக் குழியில் இப்போது போக்குவரத்து இல்லை. மண் ஈரமாக, புதிதாக இருந்தால் வீட்டில் ஆள் உண்டு. பாதையில் இருந்தபடியே, தொலைநோக்கி வழியாகத்தான் இதையெல்லாம் பார்க்க வேண்டும். 8 மடங்கு பெருக்கிக் காட்டும் சாதாரணத் தொலைநோக்கியே போதும். குனிந்து குழிக்குள் எட்டிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். வேண்டாம்.

பிறகு ஒரு பாறையில் முதுகு சாய்த்து உட்காருங்கள். நின்றுகொண்டிருக்கும் மனித உருவம் வானத்தின் பின்னணியில் பெரிதாகத் தெரியும். உட்கார்ந்திருப்பவர் மலையோடு மலையாகிவிடுவார். உள்ளே பாய்ந்துவிட்ட மர்மோட்கூடப் பத்து, இருபது நிமிடத்தில் திரும்பி வரலாம். முதலில் வருவது உச்சந்தலை மட்டும். கண்கள் தலையில் மேலாக அமைந்திருப்பதால், முகத்தைக் காட்டாமலேயே வெளியைப் பார்த்துவிடும். அந்த அரைத்தலையைக் கண்டுபிடிப்பதில் உள்ள மகிழ்ச்சி, முழு விலங்கைப் பார்ப்பதில்கூட இல்லை என்பேன்.

சீழ்க்கை என்ன சொல்கிறது?

பெரும்பாலான நடையர்கள் மர்மோட்டை முதலில் கேட்கிறார்கள், அப்புறம்தான் பார்க்கிறார்கள். கூர்மையாகக் காதைத் துளைக்கும் ஒலி. எந்தப் பக்கமிருந்து வந்தது என்றே தெரியாது, பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலிக்கும். நாம் ‘விசில்’ என்கிறோம், சீழ்க்கை என்றும் எழுதலாம். ஆனால் உதட்டைக் குவித்து ஊதுவது இல்லை இது. வாயைத் திறந்து, குரல்வளையிலிருந்து எழுப்பும் கிறீச்சொலி.

ஒற்றை ஒலி என்றால் வானத்திலிருந்து ஆபத்து, அதாவது பொன்னாங்கழுகு. தொடர்ச்சியாகப் பல ஒலிகள் என்றால் தரையில் ஆபத்து, நரியோ நாயோ மனிதரோ. மலைவாசிகள் காலங்காலமாக இப்படித்தான் சொல்லிவருகிறார்கள், அதில் காரணமும் இருக்கிறது. கழுகு நொடியில் வந்து விழும்; ஒன்றுக்கு மேல் கத்த நேரம் ஏது? நரி மெதுவாக வரும், அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே கத்திக்கொண்டிருக்கலாம். ஆய்வாளர்கள் ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, இது அகராதி போல இறுக்கமான விதி இல்லை, ஆபத்து எவ்வளவு நெருக்கம் என்பதும் ஒலியின் எண்ணிக்கையை மாற்றுகிறது என்று தெரிந்தது. ஆகவே ‘ஒற்றை ஒலி கழுகைக் குறிக்கும்’ என்று மாணவர் எழுதினால் நான் சிவப்பு மையில் ஒரு சொல் சேர்ப்பேன்: ‘பெரும்பாலும்’. விளக்கக் கட்டுரையில் உண்மையைக் காப்பாற்றும் சொற்கள் இவை. பெரும்பாலும், ஏறக்குறைய, சில வேளைகளில்.

நடையர் கவனிக்க வேண்டியது என்னவென்றால், தொடர் ஒலி கேட்டால் நீங்கள் தான் அந்த ஆபத்து. ‘அட, நமக்கு வணக்கம் சொல்லுது’ என்று கையசைப்பவர்கள் உண்டு. அது வணக்கம் இல்லைங்க. சரிவு முழுக்க எல்லாக் குடும்பங்களும் மேய்ச்சலை நிறுத்திவிட்டன என்று பொருள்.

எவ்வளவு தூரம்?

சுவிட்சர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 1993இல் வெளியானது. நடைபாதையிலேயே நடப்பவர், பாதையை விட்டு விலகி நடப்பவர், வளைகளின் மேலேயே நடப்பவர், நாயைக் கயிற்றில் பிடித்து வருபவர், நாயை அவிழ்த்து விடுபவர் என்று வெவ்வேறு விதமாக ஆள்களை நடக்கவிட்டு, மர்மோட்டுகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்தார்கள். பாதையிலேயே நடந்தவருக்கு எதிர்வினை மிகக் குறைவு. அவிழ்த்துவிட்ட நாய்க்கு மிக அதிகம்.

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. மர்மோட்டுகள் மனிதரையே அஞ்சவில்லை. எங்கே போவார் என்று தெரியாத மனிதரைத்தான் அஞ்சுகின்றன. பாதையில் போகிறவர் எங்கே திரும்புவார், எப்போது மறைவார் என்பது அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. ஆஸ்திரியாவில் பாறைகளில் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று பட்டை தீட்டிப் பாதையைக் காட்டியிருப்பார்கள். அந்தப் பட்டைகளை ஒட்டியே நடந்தால் மேயும் மர்மோட் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கும். படத்துக்காகப் பத்து அடி விலகி நடந்தால் உள்ளே போய்விடும். தூரத்தை மீட்டரில் சொல்லச் சொன்னால் நான் சொல்ல மாட்டேன். அது மேய்வதை நிறுத்திவிட்டு உங்களையே பார்த்தால், நீங்கள் போதுமான அளவு நெருங்கிவிட்டீர்கள். அங்கேயே நில்லுங்கள்.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. சுவிட்சர்லாந்தின் சாஸ்-ஃபே என்ற ஊருக்கு மேலே கேரட்டை நீட்டினால் கையிலிருந்தே வாங்கித் தின்னும் மர்மோட்டுகள் இருக்கின்றன. குழந்தைகளோடு போகும் குடும்பங்களுக்கு அதுவே பெரிய ஈர்ப்பு. லடாக்கில் பாங்கோங் ஏரிக்குப் போகும் சாலையோரம் வண்டியை நிறுத்திப் பயணிகள் பிஸ்கட் போடுகிறார்கள். அழகான படம் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது மர்மோட் பார்ப்பதில் சேராது என்பது என் கருத்து. அங்கே நீங்கள் பார்ப்பது உங்கள் கையைப் பார்க்கும் ஒரு விலங்கை. காவல் நிற்பதில்லை, சீழ்க்கை இல்லை, குடும்பம் இல்லை. மலைச்செடிகளுக்குப் பழகிய வயிற்றில் மாவும் சர்க்கரையும் உப்பும் போகின்றன. சாலையோரம் பிஸ்கட்டுக்குக் காத்திருக்கப் பழகிய விலங்கு வண்டிச் சக்கரத்துக்கும் பக்கத்தில்தான் இருக்கும்.

மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் நெகிழிப் பையைப் பிடுங்கும் குரங்கைப் பார்த்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மனிதர் கொடுத்துப் பழக்கிய பிறகுதான் குரங்கு பையைத் தேடுகிறது. இங்கே 2020இல் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டப்படி, அனுமதியின்றி வனவிலங்குக்கு உணவு கொடுத்தால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். ஊரில் செய்யாததை மலைக்குப் போய்ச் செய்ய வேண்டாமே.

பனி குறைந்தால் நல்லதுதானே?

உலகம் சூடாகிறது, பனி சீக்கிரம் உருகுகிறது, அப்போ மர்மோட்டுக்குக் கோடை நீளும், நல்லதுதானே என்று ஒரு மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. அமெரிக்காவின் கொலராடோ மலையில் உள்ள மஞ்சள் வயிற்று மர்மோட்டுகளுக்கு உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது. முன்னதாக விழித்தன, கூடுதல் நாள் மேய்ந்தன, எடை கூடியது, எண்ணிக்கையும் பெருகியது. 2010இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

ஆனால் பிரெஞ்சு ஆல்ப்ஸில், கிராண்ட் சஸியேர் இயற்கைக் காப்பகத்தில், 1990 முதல் கவனிக்கப்பட்டுவரும் மர்மோட்டுகளின் கதை வேறு. 2013இல் வெளியான ஆய்வின்படி, அங்கே ஒரு தாய் ஈனும் குட்டிகளின் எண்ணிக்கை காலப்போக்கில் குறைந்து வந்திருக்கிறது. குளிர்காலப் பனிப்போர்வை மெலிந்ததோடு ஆய்வாளர்கள் அதைத் தொடர்புபடுத்தினார்கள். பனி என்றால் குளிர் என்றுதான் நாம் நினைக்கிறோம். மண்ணுக்குள் இருப்பவருக்கு அது கம்பளி. தடிமனான பனி மேலே கிடந்தால் காற்றின் கடுங்குளிர் மண்ணுக்குள் இறங்காது. பனி மெலிந்தால் மண் குளிர்கிறது, வளை குளிர்கிறது, உடலைக் காக்கக் கூடுதல் கொழுப்பு எரிகிறது. உறக்கத்திலிருந்து எழும் தாய் மெலிந்திருக்கிறாள்; எழுந்தவுடன் இனப்பெருக்க காலம். குட்டிகள் குறைகின்றன.

அங்கே குளிர்காலத்தில் ஏற்கெனவே இழப்பு கூடிவிட்டது. கோடை மேய்ச்சல் நேரத்திலும் நாம் கைவைக்க வேண்டுமா என்பதுதான் தூரத்தைப் பற்றி இவ்வளவு பேசியதற்குக் காரணம்.

வகுப்பறைக்கு

ஆசிரியர்கள் இந்தக் கட்டுரையைக் கருத்தறிதல் பகுதியாகப் பயன்படுத்த விரும்பினால், ‘பனி குறைந்தால்’ பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே காரணம், இரண்டு இடம், இரண்டு விளைவு. ‘ஏனெனில்’, ‘ஆகையால்’, ‘இதற்கு மாறாக’ ஆகிய மூன்றையும் பயன்படுத்தி ஐந்து வாக்கியத்தில் அதைச் சுருக்கி எழுதச் சொன்னால், மாணவர் புரிந்துகொண்டாரா என்பது உடனே தெரிந்துவிடும். ‘இதற்கு மாறாக’ எங்கே வர வேண்டும் என்பதில்தான் தடுமாறுவார்கள்.

வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்கு மலை தேவையில்லை. வீவக அடுக்குமாடிக்குக் கீழே மரங்களில் ஓடும் அணிலும் மர்மோட்டின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மாலை ஐந்தரை மணிக்கு ஒரு பெஞ்சில் 15 நிமிடம் உட்காருங்கள். கைப்பேசி பையில் இருக்கட்டும். அணில் எப்போது தின்பதை நிறுத்தியது, எதைப் பார்த்து நிறுத்தியது, பூனை வந்தபோது எப்படிக் கத்தியது, வாலை என்ன செய்தது, மறுபடி இறங்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்று ஒரு தாளில் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். ‘அழகாக இருந்தது’, ‘வேகமாக ஓடியது’ என்ற இரண்டு தொடர்களை மட்டும் பயன்படுத்தக் கூடாது. மறுநாள் அந்தத் தாளைப் பார்த்து இரண்டு நிமிடம் பக்கத்து நண்பரிடம் விவரித்துச் சொல்லுங்கள், அவர் அதைக் கேட்டுப் படம் வரையட்டும்.